துவைக்கும் முன் பைகளைப் பார்க்கவும்

ஆகஸ்ட். மொந்தேவிதேயோவில் குளிர்காலம்.
ஆற்றிலிருந்து வரும் காற்று
கொடியில் போட்ட துணியைக் காய வைப்பதில்லை,
விறைக்க வைக்கிறது.

இன்று மூன்றாவது முறையாக
அப்பா கேட்டார்: "பால் வாங்கியாச்சா?"
வாங்கியாச்சு.
ஃபிரிட்ஜில் ஐந்து பாக்கெட்.
இரண்டு நான் வாங்கியவை.
மற்ற மூன்றும் அவர் தனித்தனியாகப் போய் வாங்கி வந்தவை,
ஒவ்வொரு முறையும் மீதிச் சில்லறையை எண்ணி
மேசையில் அடுக்கி வைத்திருக்கிறார்.
கணக்கில் பிழை இல்லை.
முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்த கை.

பைசாந்துவிலிருந்து தம்பி வால்தெமார் போனில்:
"வயசானால் எல்லாருக்கும் அப்படித்தான், நெலிதா.
ஞாயிற்றுக்கிழமை என்னோடு நன்றாகத்தானே பேசினார்."
ஞாயிற்றுக்கிழமை பேசியது மழையைப் பற்றி.
மழையைப் பற்றிப் பேச ஞாபகம் வேண்டாம்,
ஜன்னல் போதும்.

மாத்தே ஊற்றினேன்.
சுரைக்குடுக்கை நிறைய இலைத்தூள், உலோகக் குழல்,
கொதி வராத வெந்நீர்.
கொதித்தால் இலை கருகிப்போகும் என்று
வீடு முழுக்கச் சண்டை போடும் மனுஷர்
போன வாரம் கெண்டியை அடுப்பில் விட்டுவிட்டு
தூங்கப் போனார்.
அதன் அடி இப்போது நீலம்.

குடுக்கையைத் திருப்பித் தரும்போது
நன்றி என்று சொன்னால்
எங்கள் ஊரில் 'எனக்குப் போதும்' என்று அர்த்தம்.
பேசாமல் நீட்டினால் இன்னொன்று.
அப்பா "நன்றி" என்றார்.
நான் எனக்கு ஊற்றிக் குடித்தேன்.
கை நீட்டினார்.
ஊற்றித் தந்தேன்.
"நன்றி."
கை நீட்டினார்.
வாயை நம்புவதா, கையை நம்புவதா?
தண்ணீர் தீரும்வரை
கையை நம்பினேன்.

பத்து மணிக்கு வாஷிங் மெஷினைத் திறந்தால்
துணியெல்லாம் வெள்ளைத் துணுக்கு.
டிஷ்யூத் தாள். என் தப்பு, பைகளைப் பார்க்கவில்லை.
அவருடைய சாம்பல் சட்டையில்
ஒரு காகிதம் மட்டும் தப்பித்திருந்தது.
நாலாக மடித்த மின்சார ரசீது.
பின்பக்கம் பென்சில், அதனால் அழியவில்லை:

    மாதம் ஆகஸ்ட்.
    டாக்டர் கேட்டால்: மூன்றாவது மாடி.
    மிகாயெலா பேத்தி. கண்ணாடி போட்டவள்.
    கீழ்வீட்டுக்காரர் பெயர் தேட வேண்டாம்,
    "என்ன நண்பரே" போதும்.
    ஓர்ஃபிலியா இறந்துவிட்டாள்.
    எங்கே என்று நெலிதாவிடம் கேட்காதே.
    மறுபடி அழுவாள்.

மறுபடிக்கு அடியில் இரண்டு கோடு.

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டல்லவா
நான் அழுதேன்?
மூன்று மாதமாக
அவருக்குத் தெரியாமல் அவரைக் கவனிப்பதாக நினைத்திருந்தேன்.
அவர் எனக்குத் தெரியாமல்
பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

இஸ்திரிப்பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து
மேலே கைக்குட்டை விரித்து
ரசீதைத் தேய்த்தேன்.
அப்பா கதவருகில்.
"என்ன தேய்க்கிறாய்?"
"கரண்ட் பில்."
கொஞ்சம் யோசித்தார்.
"கசங்கியிருந்தால் பணம் வாங்க மாட்டார்களா?"
"மாட்டார்களாம்."
"திருட்டுப் பயல்கள்."
போய்விட்டார்.

நாளைய சட்டை நீலம்.
அதே நாலு மடிப்பு, அதே இடது பை.
கடைசியில் ஒரு வரி சேர்க்கலாமே என்று
பென்சிலை எடுத்தேன்:
கேளுங்கள், பரவாயில்லை.
என் எழுத்து அவருக்குத் தெரியும்.
பென்சிலை வைத்துவிட்டேன்.

ஆறு மணிக்கே இருட்டு.
கோட்டு மாட்டி, தொப்பி போட்டு, நிற்கிறார்.
"பால் வாங்கிட்டு வந்துடறேன்."
"இருங்க, நானும் வரேன்."

தெருமுனை வரை காற்று எங்களைப் பின்னுக்குத் தள்ளியது.
ஆறாவது பாக்கெட்டை வாங்கினோம்.
கடைக்காரப் பெண் போனைப் பார்த்துக்கொண்டே
மூன்று பெசோ குறைத்துக் கொடுத்தாள்.
எனக்குத் தெரியவில்லை.
அப்பா கையை எடுக்காமல் கல்லாவின் முன் நின்றார்.
"மூன்று மறந்துட்டீங்களே, மகளே."